கப்பல் நிற்கும் ஒரு பகலில் தீவைச் சுற்றுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் சுற்றுலா பற்றி வரும் கட்டுரைகளில் நீச்சல் குளம், நடன அரங்கு, எந்நேரமும் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கூடம் எல்லாம் வந்துவிடுகின்றன. கப்பல் ஒரு தீவில் நிற்கும் அந்த ஒரு பகலுக்கு மட்டும் ஒரே வரிதான்: ‘பேருந்தில் தீவைச் சுற்றிப் பார்க்கலாம்.’ பார்க்கலாம்தான். ஆனால் பணம் கட்டி ஏறியவர்களில் பலர் திரும்பி வந்து சொல்லும் குறை ஒன்றே: ‘எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தோம்.’ இதற்கு வழிகாட்டியையோ ஓட்டுநரையோ திட்டிப் பயனில்லை. முன்பதிவு செய்யும் முன் தாளும் பேனாவும் எடுத்து நிமிடக் கணக்குப் போட்டிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். அந்தக் கணக்கைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பயண அட்டவணையில் ‘காலை 8 – மாலை 5’ என்றிருந்தால் கையில் 9 மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும். இல்லை. 8 மணி என்பது கப்பல் துறையை அடையும் நேரம். கயிறு கட்டி, இறங்குபாலம் போட்டு, உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தந்த பிறகுதான் முதல் பயணி இறங்குவார். அதற்கு அரை மணியோ முக்கால் மணியோ ஆகும். 5 மணி என்பது கப்பல் கிளம்பும் நேரம். பயணிகள் அனைவரும் உள்ளே இருந்தாக வேண்டிய நேரத்தை ‘ஆல் அபோர்டு’ என்பார்கள். அது பெரும்பாலும் அரை மணி முன்னதாக இருக்கும். சில துறைமுகங்களில் ஒரு மணி முன்னதாகவும் வைப்பார்கள். ஆக, 9 மணி நேரம் ஏழே முக்காலாகிவிட்டது. நீண்ட துறைமேடையில் வாசல் வரை நடப்பது, வண்டியைத் தேடுவது, ஆள் எண்ணுவது எல்லாம் இதற்குள்தான்.

கப்பல் துறையில் அணையாமல் கடலிலேயே நங்கூரம் போட்டால் இன்னும் குறையும். கிரேக்கத்தின் சாண்டோரினியிலும் கரீபியனின் கிராண்ட் கேமனிலும் பெரிய கப்பல்கள் கரையோடு ஒட்டி நிற்க இடமில்லை. கப்பலின் உயிர்காப்புப் படகுகளிலோ கரையிலிருந்து வரும் படகுகளிலோ ஆட்களை இறக்குகிறார்கள்; இந்தப் படகுக்கு டெண்டர் என்று பெயர். ஒரு நடைக்கு 100 பேர் என்று வைத்தாலும் 3000 பேர் இறங்க 30 நடை வேண்டும். கப்பலிலேயே சுற்றுலா வாங்கியவர்கள் முதலில் இறங்குவார்கள். மற்றவர்கள் எண் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியாரிடம் 9 மணிப் பேருந்துக்குப் பணம் கட்டியவர் 10 மணிக்கும் கப்பலிலேயே இருப்பது இப்படித்தான். அலை எழும்பினால் டெண்டர் ஓடாது. அன்று தீவை மேல்தளத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாண்டோரினியில் சிக்கல் திரும்பும்போதும் உண்டு. கப்பல் ஏற்பாடு செய்யும் பேருந்துகள் அத்தினியோஸ் என்ற துறையிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் ஃபிரா ஊரில் ஆட்களை இறக்கிவிட்டு முடித்துக்கொள்ளும். கப்பலுக்குத் திரும்பும் டெண்டர் நிற்பதோ ஃபிராவுக்கு நேர் கீழே, 200 மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் பாறையின் அடியில், பழைய துறையில். இறங்க மூன்றே வழி: 1979இல் அமைத்த கேபிள் கார், ஏறத்தாழ 600 படிகள், கழுதைச் சவாரி. பேருந்து முடிந்தால் சுற்றுலா முடிந்தது என்று கடைகளில் நிற்பவர்கள் கேபிள் கார் வரிசையைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போவார்கள். மூன்று நான்கு கப்பல்கள் ஒன்றாக நிற்கும் நாளில் அந்த வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டும். படியில் இறங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் முழங்காலைக் கேட்டுக்கொள்வது நல்லது; அதே படியில்தான் கழுதைகளும் நடக்கின்றன, சாணம் வழுக்கும்.

அடுத்தது கடிகாரம். கப்பலுக்கென்று ஒரு நேரம், கரைக்கென்று ஒரு நேரம் இருக்கலாம். மெக்சிகோவின் கோசுமெல் தீவு கின்டானா ரோ மாநிலத்தைச் சேர்ந்தது. 2015 முதல் அங்கே ஆண்டு முழுக்க ஒரே நேரம். ஃபுளோரிடாவிலோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள். அங்கிருந்து கிளம்பிய கப்பல் அதே நேரத்தில் ஓடினால், கப்பலில் 4.30 ஆகும்போது கோசுமெல் கரையில் 3.30தான். கைபேசி கரையின் சிக்னலைப் பிடித்ததும் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். ‘இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே’ என்று நிதானமாக நடப்பவர் கண்ணெதிரே கப்பல் விலகும். கைபேசியில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம். வழிகாட்டி ‘2.30க்கு வண்டிக்கு வந்துவிடுங்கள்’ என்றால், கப்பல் நேரமா, கரை நேரமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

இனி விளம்பரத் தாளை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். இடங்களின் பெயர்களைப் பார்க்காதீர்கள். அவற்றை ஒட்டி வரும் வினைச்சொற்களைப் பாருங்கள். ‘கடந்து செல்வோம்’, ‘காண்போம்’ என்றால் வண்டி நிற்காது. ‘போட்டோ ஸ்டாப்’ என்றால் இறங்கிப் படம் எடுத்து ஏறும் அளவுக்குத்தான் நேரம், வாசலுக்குள் போக முடியாது. ‘உள்ளே சென்று பார்ப்போம்’ என்றோ ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்றோ எழுதியிருந்தால்தான் உண்மையில் அந்த இடத்துக்குப் போகிறீர்கள். ‘பொருள் வாங்க நேரம் தரப்படும்’ என்பது கடை. எந்தக் கடை என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. அங்கே விற்பதில் கமிஷன் இருப்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஆறு பெயர்கள் போட்ட தாளில் இப்படிச் சலித்துப் பார்த்தால் இரண்டு மிஞ்சும்.

ஆறு இடத்திலும் வண்டி நிற்கும் என்றாலும் மகிழ ஒன்றுமில்லை. 50 பேர் உள்ள பேருந்தில் ஓர் ஆள் இறங்க 6 விநாடி என்று வையுங்கள். கைப்பை எடுத்து, படி பார்த்து இறங்க அவ்வளவு ஆகும். 50 பேருக்கு 5 நிமிடம். திரும்ப ஏறுவது எப்போதும் மெதுவாகத்தான் நடக்கும். ஆள் எண்ணுவதையும் சேர்த்து 7 நிமிடம். ஒரு நிறுத்தத்துக்கு 12 நிமிடம் வாசலிலேயே கழிகிறது. ஆறு நிறுத்தத்துக்கு 72 நிமிடம். நான்கு மணி நேரச் சுற்றுலாவில் உள்ள 240 நிமிடத்தில் இந்த 72ஐயும், ஓட்டத்துக்கு 100ஐயும், கடைக்கு 30ஐயும் கழித்தால் மிச்சம் 38. ஓர் இடத்துக்கு 6 நிமிடம்! அதே நான்கு மணி நேரத்தில் இரண்டே இடங்களில் நிற்கும் சுற்றுலாவில், கடையும் இல்லையென்றால், ஓர் இடத்துக்கு 50 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். அரை நாள் பேருந்துக்கு இரண்டு நிறுத்தம் நல்லது, மூன்று சரி. அதற்கு மேல் போட்டிருப்பது பெயர்ப் பட்டியல்தான். பின்வரிசையில் உட்கார்ந்தால் கடைசியாக இறங்குவீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி சொல்லும் ‘20 நிமிடம்’ வண்டி நின்றதும் ஓட ஆரம்பிக்கிறது. நீங்கள் தரையில் கால் வைக்கும்போது அது 15.

பேருந்தே சரியான வழியாக இருக்கும் தீவுகளும் உண்டு. ஸ்பெயினின் லான்சரோட்டேயில் திமான்ஃபாயா எரிமலைப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1730 முதல் 1736 வரை எரிமலை வெடித்து ஊர்களை மூடிய லாவா வெளி அது. அதன் நடுவே செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் சொந்தக் காரை விடுவதில்லை. பேருந்தில்தான் போக வேண்டும், வழியில் இறங்கவும் முடியாது. மண் மிக மெல்லியது, ஒரு காலடித் தடம் விழுந்தாலும் பல காலம் நிற்கும். இங்கே ஜன்னல்தான் இடம். பேருந்து முடியும் மேட்டில் தரைக்குள் இறக்கிய குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள். சில மீட்டர் ஆழத்திலேயே வெப்பம் பல நூறு டிகிரி என்பதால் தண்ணீர் நீராவியாகிச் சீறிக்கொண்டு வெளியே வரும். இப்படிப்பட்ட இடத்துக்குத் தனி வாடகைக் கார் எடுப்பது வீண். கடற்கரை ஒன்றில் இரண்டு மணி நேரம் கிடக்கத்தான் ஆசை என்றால் பேருந்துச் சுற்றுலா வீண்.

கப்பல் விற்கும் சுற்றுலாவா, வெளியார் நடத்துவதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இரண்டையும் ஓட்டுவது உள்ளூர் நிறுவனங்கள்தான். அதே வண்டி, அதே வழிகாட்டி வெளியில் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் உண்டு. கூடுதல் பணம் வண்டிக்காக அல்ல, காத்திருப்புக்காக. கப்பல் தானே விற்ற பேருந்து வழியில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். முடியாமல் போனால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டு சேர்க்கும். வெளியாரின் வண்டியில் போனவருக்கு அந்த உறுதி இல்லை. துறைமுக இடமும், கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே வழிநடத்தும் பைலட்டும் நேரப்படி ஒதுக்கப்பட்டவை; நாலு பேருக்காகக் கப்பலின் கேப்டன் நிறுத்தி வைக்க மாட்டார். வெளியாரின் பக்கம் உள்ள பெரிய வசதி சின்ன வண்டி. 15 பேர் கொண்ட வேன் இரண்டு நிமிடத்தில் காலியாகிவிடும், மேலே போட்ட கணக்கே மாறிவிடும்.

ஆகவே தீவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். டெண்டர் ஓடும் துறைமுகம், ஒரே சாலை உள்ள தீவு, தூரம் அதிகமான சுற்று என்றால் கப்பலின் பேருந்து. கப்பல் துறையில் அணைந்து, இடங்கள் அருகிலிருந்து, திரும்பப் பல சாலைகள் இருந்தால் வேன். வேனில் போனால் ஆல் அபோர்டுக்கு இரண்டு மணி முன்னதாகத் துறைமுகம் திரும்பும் திட்டத்தையே ஒப்புக்கொள்ளுங்கள். இது கோழைத்தனம் இல்லை. கரீபியனின் செயின்ட் லூசியா தீவில் காஸ்ட்ரீஸ் துறையிலிருந்து இரட்டைச் சிகரங்கள் உள்ள சூஃப்ரியேர் வரை மலைச்சாலை வளைந்து வளைந்து போகிறது. ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். நடுவில் ஒரு லாரி பழுதானால் சுற்றிக்கொண்டு வர வேறு நல்ல வழி கிடையாது. அதே கரீபியனின் சின்ட் மார்ட்டினில் வேறு வகைச் சிக்கல்: சிம்சன் பே தூக்குப்பாலம் பாய்மரப் படகுகளுக்காக ஒரு நாளில் பல முறை திறக்கும், திறந்தால் இருபுறமும் வண்டிகள் நிற்கும். விமானம் தலையை உரசுவதுபோல இறங்கும் மாஹோ கடற்கரைக்குப் போய்த் திரும்பும் வண்டிகள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. நல்ல ஓட்டுநருக்குப் பாலம் திறக்கும் நேரம் மனப்பாடம், கேட்டால் சொல்வார்.

அந்தத் தீவில் அன்று எத்தனை கப்பல்கள் நிற்கின்றன என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள். பல துறைமுகங்கள் கப்பல் வரும் பட்டியலை வெளியிடுகின்றன. கூட்ட நாளானால், தூரத்து இடத்துக்கு முதலில் போய் அருகில் உள்ளதைக் கடைசியில் பார்க்கும் சுற்றுலாவைத் தேர்ந்தெடுங்கள். எல்லா வண்டிகளும் முதல் காட்சி முனையில் முட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் வண்டி காலியான சாலையில் போகும். தாமதம் ஏற்பட்டாலும் விடுபடுவது துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள இடம்தான்.

சீட்டு விஷயத்துக்கு வருவோம். கோயிலை வலம் வரும்போது கருவறை எப்போதும் வலக்கைப் பக்கம். அதேபோல, தீவை வலமாகச் சுற்றும் பேருந்தில் மலை வலப்பக்கமும் கடல் இடப்பக்கமும் இருக்கும். இடமாகச் சுற்றினால் கடல் வலப்பக்கம். எந்தத் திசையில் சுற்றுவார்கள் என்பதை ஏறும் முன் ஓட்டுநரிடம் கேட்டால் போதும். பார்படோஸ், மொரீஷியஸ், மால்டா போல இடப்பக்கம் வண்டி ஓட்டும் தீவுகளில் வலமாகச் சுற்றும் வண்டி கடலை ஒட்டிய தடத்திலேயே போகும், எதிரே வரும் வண்டிகள் காட்சியை மறைக்காது. வலப்பக்கம் ஓட்டும் லான்சரோட்டே, சின்ட் மார்ட்டின் போன்றவற்றில் நேர் எதிர். சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டில் கால் நீட்ட இடம் இருக்காது, குலுக்கலும் அதிகம், உயரமானவர்கள் தவிர்க்கலாம்.

மலைச்சாலையில் தலைசுற்றும் என்பவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து எதிரே சாலையைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். குனிந்து கைபேசி பார்த்தால் கண் அசையவில்லை என்கிறது, காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு அசைகிறோம் என்கிறது. இந்தச் சண்டையில்தான் வாந்தி. மாத்திரை போடுவதாக இருந்தால் வண்டி கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். வளைவில் போட்டுப் பயனில்லை. பெரும்பாலான மாத்திரைகள் தூக்கம் தரும். தீவைப் பார்க்கப் பணம் கட்டிவிட்டுத் தூங்கி வருவோரும் உண்டு. வேறு மருந்துகள் சாப்பிடுபவர்கள் கப்பல் ஏறும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

கையில் என்ன வேண்டும்? கப்பல் அட்டை, அது இல்லாமல் திரும்ப உள்ளே போக முடியாது. படம் ஒட்டிய அடையாள அட்டை. சில நாடுகளில் கடவுச்சீட்டே கேட்பார்கள், முந்தின நாள் மாலை அறைக்கு வரும் அறிவிப்புத் தாளில் அது எழுதியிருக்கும். அந்தத் தாளில் துறைமுக முகவரின், அதாவது கரையில் கப்பலின் வேலைகளைக் கவனிக்கும் உள்ளூர்ப் பிரதிநிதியின், தொலைபேசி எண்ணும் இருக்கும். படம் எடுத்து வையுங்கள். குடிநீர் வேண்டும். கப்பல் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பழம், ரொட்டி எடுத்துப்போகக் கூடாது. பூச்சியும் பயிர் நோயும் பரவும் என்று பல தீவுகளில் சட்டமே தடுக்கிறது. பார்படோஸிலும் ஜமைக்காவிலும் ராணுவப் புள்ளி போட்ட உடையைப் பொதுமக்கள் அணிவது குற்றம். குழந்தையின் தொப்பியில் அந்த அச்சு இருந்தாலும் கப்பலிலேயே விட்டுச் செல்லுங்கள். பேருந்தில் கழிப்பறை இருக்கும் என்று நம்பாமல், எந்த நிறுத்தத்தில் இருக்கிறது என்று வழிகாட்டியிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். விசா தனி விஷயம்: பேருந்தில் இரண்டு மணி நேரம் சுற்றினாலும் நாட்டுக்குள் நுழைவதுதான். உங்கள் கடவுச்சீட்டுக்கு வழியில் வரும் ஒவ்வொரு தீவிலும் விசா தேவையா என்று முன்பதிவின்போதே பார்க்காவிட்டால், முதல் துறைமுகத்திலேயே கப்பலில் ஏற்ற மறுக்கலாம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கியதும் வண்டியின் எண் பலகையையும் முன்கண்ணாடியில் ஒட்டிய எண்ணையும் கைபேசியில் படம் எடுங்கள். ஒரே கப்பலிலிருந்து ஒரே நிறத்தில் 20 பேருந்துகள் வந்து நிற்கும் வண்டி நிறுத்தத்தில், ‘வெள்ளைப் பேருந்து’ என்ற ஞாபகம் உதவாது. சட்டையில் ஒட்டித் தரும் வட்டச் சீட்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் வியர்வையிலும் அந்தச் சீட்டு உதிரும். கப்பல் அட்டையின் உறையில் ஒட்டினால் நிற்கும்.

கப்பல் அந்தத் தீவையே தவிர்த்துவிட்டால், கப்பலில் வாங்கிய சுற்றுலாவின் பணம் உங்கள் கணக்குக்குத் தானே திரும்பும். வெளியாரிடம் வாங்கியதற்கு அவர்கள் நிபந்தனைதான் சட்டம். ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணம்’ என்ற வரி எழுத்தில் இல்லாத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். பயண முகவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: இடங்களின் பெயரைப் பெரிய எழுத்தில் போடும்போது, பக்கத்தில் எத்தனை நிமிடம் என்பதையும் போடுங்கள். அவர்கள் போடாவிட்டால், வாசகர்களே, நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் பார்த்தும் கப்பலைத் தவறவிட்டால் முதலில் துறைமுக முகவரை அழைக்க வேண்டும். ஆள் வரவில்லை என்று தெரிந்ததும் சில கப்பல்களில் ஊழியர்கள் அறைப் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்கள்; அதை அவரிடம் பெற்றுக்கொள்ளலாம். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் விமானம், தங்கும் அறை எல்லாம் சொந்தச் செலவு. அந்த நாட்டுக்குள் விமானத்தில் நுழைய விசா வேண்டியிருக்கலாம்; கப்பலில் வருபவருக்கு இருக்கும் சலுகை விமானத்தில் வருபவருக்கு இருக்காது. விசா கிடைக்காவிட்டால் இடையில் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டு அதற்கு அடுத்ததில் ஏற முடியுமா என்று முகவர் மூலம் கப்பலைக் கேளுங்கள். எல்லா இடத்திலும் நடுவில் ஏற அனுமதி கிடைப்பதில்லை என்பதால், விமானச் சீட்டு வாங்கும் முன் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்